ஜேர்மனி வயலில் டிடெக்டரோடு நடக்கிறார்கள்: 1632 லூட்சன் சண்டை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கண்டாவளைக்காரி:

வணக்கம். நான் வரலாறு படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான், அதுவும் இரண்டு இடப்பெயர்வுக்கு நடுவில். கேள்வி மொக்கையாக இருந்தால் சிரிக்காமல் பதில் போடுங்கள்.

நான் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். ஒன்பது வருடமாகிறது. ஒரு மீட்டர் அகல லேனில் முழங்காலில் இருந்து, டிடெக்டரை முன்னால் மெல்ல ஆட்டி, சத்தம் வந்த இடத்தில் அடையாளம் வைத்து, பிறகு பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போக வேண்டும். முழு நாளும் வேலை செய்து எங்கள் வீட்டு விறாந்தை அளவுகூட முன்னேறாத நாட்கள் உண்டு. வருகிற சத்தத்தில் பெரும்பாலானது ஆணி, தகரம், வெற்றுக் கோது, ஷெல் துண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் மிதிவெடி என்று நினைத்துத்தான் கிண்ட வேண்டும்.

போன கிழமை இடைவேளையில் பாலை மரத்தின் கீழே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஜேர்மனியில் இருக்கிற என் பெறாமகன் ஒரு வீடியோ அனுப்பினான். "சித்தி, உங்கட வேலை இங்கேயும் நடக்குது" என்று எழுதியிருந்தான். பார்த்தால் உழுது போட்ட பெரிய வயல். ஏழெட்டுப் பேர் டிடெக்டரோடு வரிசையாக நடக்கிறார்கள். முகக்கவசம் இல்லை, ஏப்ரன் இல்லை. ஒருவர் சூயிங்கம் சப்புகிறார். சத்தம் வந்ததும் குனிந்து மண்வெட்டியால் ஒரே கொத்து! எங்கள் டீமில் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் ஒன்றாக "ஐயோ" என்று கத்திவிட்டோம். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே மண்ணைத் தட்டி, நாவற்பழம் அளவில் ஒரு சாம்பல் நிறக் குண்டை எடுத்துக் காட்டினார். ஈயம். 1632ஆம் ஆண்டு லூட்சன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் சுட்டதாம்.

அன்றிலிருந்து இது தலையை விட்டுப் போகவில்லை. அங்கே என்னதான் நடந்தது? வென்ற பக்கத்து ராசாதான் செத்தார் என்று பெறாமகன் சொல்கிறான், அது எப்படி? ஒரு இடத்தில் நவம்பர் 6 என்றும் இன்னொரு இடத்தில் நவம்பர் 16 என்றும் போட்டிருக்கிறார்களே, எது சரி?

இன்னொன்று அம்மாவுக்காகக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா சைவம், அம்மா வேதக்காரி. இது கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்துக்காரருக்கும் நடந்த முப்பது வருடச் சண்டை என்று சொன்னதும் அம்மா நம்பவே இல்லை. "யேசுவைக் கும்பிடுகிற ரெண்டு பகுதி முப்பது வருசம் வெட்டுப்பட்டதோ? அது வேறென்னவோ காரணமாயிருக்கும்" என்கிறார். அம்மா சொல்வது சரியா?

ஓய்வு வாத்தியார் (மாங்குளம்):

பிள்ளை, அந்த மண்வெட்டிக் கொத்தை வாசித்தபோது எனக்கும் ஒரு கணம் மூச்சு நின்றது.

முதலில் தேதி. அது சுலபம். நம் ஊரில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு வைத்துக்கொண்டு வருடப் பிறப்பு நேரத்துக்கு மல்லுக்கட்டுகிறோமே, அந்த மாதிரி. 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் ஏற்றுக்கொண்டன. பாப்பரசர் சொன்னார் என்பதற்காகவே புரட்டஸ்தாந்து நாடுகள் பல மாட்டோம் என்று நின்றன. அதனால் இரண்டு பக்கத்துக்கும் பத்து நாள் வித்தியாசம். ஒரே சண்டை, ஒரே காலை; ஒரு படைக்கு நவம்பர் 6, எதிர்ப் படைக்கு நவம்பர் 16. சுவீடன்காரர் இன்றைக்கும் 6ஆம் திகதிதான் நினைவுகூருகிறார்கள். எந்த நாள் என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் வேறு எதில் ஒத்துப்போவார்கள் என்று வகுப்பில் கேட்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இனி சண்டை. லூட்சன் என்பது லைப்சிக் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிற ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் சுவீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப், லூதரன், அதாவது புரட்டஸ்தாந்துக்காரர், வயது 37. மறுபக்கம், வியன்னாவில் இருந்துகொண்டு ஜேர்மன் நாடுகளுக்கு மேலே பேரரசராக இருந்த கத்தோலிக்கரின் தளபதி வாலன்ஸ்டைன். குளிர்காலம் தொடங்கிவிட்டது, இனிச் சண்டை இல்லை என்று நினைத்து வாலன்ஸ்டைன் தன் படையைப் பிரித்து அனுப்பத் தொடங்கினார். பாப்பன்ஹைம் என்ற அவருடைய குதிரைப்படைத் தலைவர் ஹாலே பக்கம் போய்விட்டார். இதை அறிந்த குஸ்தாவ் உடனே பாய்ந்து வந்தார்.

வாலன்ஸ்டைன் அவசரமாக ஒரு கடிதம் எழுதினார்: கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எல்லா ஆட்களோடும் பீரங்கிகளோடும் இங்கே வா. பாப்பன்ஹைம் இரவோடிரவாகக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் அளவில் களத்தில் இறங்கினார், இறங்கிய சற்று நேரத்திலேயே குண்டு பட்டது, மறுநாள் செத்துப்போனார். அந்தக் கடிதம் அவர் சட்டைக்குள் இருந்தது. இரத்தக் கறையோடு இன்றைக்கும் வியன்னாவில் இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய பெரிய புத்தகங்களைவிட இந்த ஒரு தாள்தான் அந்த நாளை எனக்கு விளங்க வைத்தது.

அன்று காலை பனிமூட்டம். மார்கழி விடியலில் குளக்கட்டில் நின்றால் அலைகரை எது, வயல் எது என்று தெரியாதே, அப்படி. விடிந்ததும் தொடங்க வேண்டிய சண்டை பதினொரு மணியளவில்தான் தொடங்கியது. அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தை வைத்துத்தான் பாப்பன்ஹைம் வந்து சேர்ந்தார். வாலன்ஸ்டைன் பெருந்தெருவோரப் பள்ளத்தை ஆழப்படுத்தி அதற்குள் துப்பாக்கிக்காரரை இருத்தினார். தன் பக்கவாட்டுக்கு ஆபத்து வரக்கூடாது என்று லூட்சன் ஊரையே கொளுத்தினார். பனியோடு அந்தப் புகையும் வெடிமருந்துப் புகையும் சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்!

குஸ்தாவுக்குக் கிட்டப்பார்வை. அதோடு 1627இல் பட்ட ஒரு குண்டு கழுத்தடியில் தங்கியிருந்ததால் இரும்புக் கவசம் போட்டால் நோகும். எல்க் மான் தோல் அங்கி மட்டும்தான் போட்டிருந்தார். நடுவில் தன் காலாட்படை தடுமாறுவதைக் கண்டு குதிரைப்படையோடு பாய்ந்தவர், புகைக்குள் தன் ஆட்களைத் தவறவிட்டு எதிரிக்குள் போய்விட்டார். கையில் ஒரு குண்டு, முதுகில் ஒன்று, விழுந்த பிறகு தலையில் ஒன்று. உடுப்பையும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். ராசாவுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று படைக்குத் தெரிந்தது அவருடைய குதிரை ஆளில்லாமல் ஓடி வந்ததைக் கண்டுதான். அந்தக் குதிரையின் பெயர் ஸ்ட்ரைஃப். பாடம் பண்ணி ஸ்டொக்ஹோமில் வைத்திருக்கிறார்கள்.

பிறகு சாக்ஸ வைமார் பேர்ன்ஹார்ட் தலைமையை எடுத்து, வெறிபிடித்த மாதிரி மீண்டும் மீண்டும் தாக்கினார். இருட்டியதும் வாலன்ஸ்டைன் பீரங்கிகளைக் களத்திலேயே விட்டுவிட்டு லைப்சிக் பக்கம் விலகினார். களம் சுவீடன் கையில். அதனால் அவர்கள் வென்றதாகக் கணக்கு. ஆனால் வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் தோல் அங்கி. யார் வென்றது என்று நீங்களே சொல்லுங்கள், நான் முப்பது வருடம் படிப்பித்தும் ஒரு பக்கம் சாயவில்லை.

(அங்கி பிறகு 1920இல் சுவீடனுக்குத் திரும்பியது. முதலாம் உலக யுத்தத்தின்போது சுவீடன் செஞ்சிலுவைக்காரர் செய்த உதவிக்கு நன்றியாக ஒஸ்திரியா கொடுத்தது. 288 வருடம் கழித்து.)

குளக்கட்டுக் காற்று:

அம்மாதான் சரி. இது மதச் சண்டையே இல்லை. 1631 தையில் பேர்வால்டே என்ற இடத்தில் ஒரு ஒப்பந்தம். சுவீடன் படைக்கு வருடத்துக்கு 4 லட்சம் தாலர் தருவதாகப் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டது. பிரான்சை நடத்தியது யார்? ரிஷலியூ. அவர் யார்? கத்தோலிக்கக் கர்தினால்! கத்தோலிக்கரை அடிக்கப் புரட்டஸ்தாந்துக்காரனுக்குக் கர்தினால் காசு கொடுக்கிறார். வாலன்ஸ்டைன் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்து மதம் மாறியவர். கடைசியில் 1634இல் அவரைக் கொன்றதும் எதிரி இல்லை, சொந்தப் பேரரசரின் அதிகாரிகள்தான். எல்லாம் காசும் கதிரையும்.

ஓய்வு வாத்தியார் (மாங்குளம்):

தம்பி சொன்ன தகவல் அத்தனையும் சரி, முடிவு அவசர முடிவு. ரிஷலியூவுக்கு மதம் ஒரு கணக்கு என்பதால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று ஆகிவிடாது. 1629இல் பேரரசர் ஒரு ஆணை போட்டார்: 1552க்குப் பிறகு புரட்டஸ்தாந்துக்காரர் எடுத்த தேவாலயச் சொத்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடு என்று. அது காணிச் சண்டையா, மதச் சண்டையா? கோயில் காணி என்றால் எப்போதும் இரண்டும்தான். வன்னியில் இருந்துகொண்டு இதை நான் விளங்கப்படுத்த வேண்டுமா?

களத்தில் நின்றவனைப் பாருங்கள். ஒரு பக்கம் "கடவுள் எங்களோடு" என்று கத்தினான், மறுபக்கம் "யேசு மரியா" என்று கத்தினான். கத்தின பலருக்குச் சம்பளம் மாதக் கணக்கில் பாக்கி. ஊர்ச் சனத்தின் மாட்டையும் தானியத்தையும் பறித்துத்தான் படைகள் உயிர் வாழ்ந்தன. அந்த முப்பது வருடத்தில் செத்த சனத்தில் பெரும்பகுதி குண்டில் சாகவில்லை, பட்டினியிலும் கொள்ளைநோயிலும் செத்தது. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நம்பிக்கை தொடக்கி வைத்தது, பசி நடத்திக்கொண்டு போனது.

இன்னொரு விஷயம் அம்மாவுக்குப் பிடிக்கும். புரட்டஸ்தாந்துக்காகச் செத்தார் என்று கொண்டாடுகிற அந்தக் குஸ்தாவுக்கு ஒரே மகள், கிறிஸ்தினா. அப்பா சாகும்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. வளர்ந்து அரசியானார். 1654இல் முடியைத் துறந்து கத்தோலிக்கத்துக்கு மாறி றோமுக்குப் போய்விட்டார். அவரை அடக்கம் பண்ணியிருப்பது எங்கே தெரியுமா? வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தில்.

மன்னார் வீதி:

கண்டாவளை அக்கா, உங்கள் அம்மா மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்தானே? அப்படியென்றால் அவருக்கு இந்தச் சண்டை ஏற்கனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

ஜேர்மனியில் இது நடந்துகொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையில். அவர்கள் கத்தோலிக்கர், 1619இல் பிடித்தார்கள். 1648இல் அங்கே சமாதானம் எழுதினார்கள். பத்தே வருடத்தில், 1658 மாசியில், ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள், ஆனியில் யாழ்ப்பாணமும் விழுந்தது. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்துக்காரர். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், கோயில்களை எடுத்துக்கொண்டார்கள். மாந்தையில் இருந்த சில குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. 1670 என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தக் காடுதான் மருதமடு.

ஆகவே அந்தப் பிரிவினையின் ஒரு கொப்பு இங்கே வரைக்கும் வந்து எங்கள் பாலைக்கும் முதிரைக்கும் கீழே ஒளித்திருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு வருகிற சனத்தில் எத்தனை பேருக்கு, மாதா அங்கே அகதியாக வந்தவர் என்று நினைப்பு வரும்? எங்கள் அம்மம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். மடு மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து வாசலில் தூவுவார், பாம்பு வராதாம்.

1687இல் சூசை வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து ஒளித்து ஒளித்துப் பூசை வைத்த கதை தனி. 2015 தை 14 பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக்கிவிட்டு அன்றைக்கே மடுவுக்கும் வந்தார். நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன், வெள்ளைத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. 2008 சித்திரையில் சண்டை நெருங்கி வர அதே மாதா மறுபடியும் காட்டை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போனதை நான் எழுதத் தேவையில்லை.

ஹாலே பக்கத்து ஆள்:

நான் புதுக்குடியிருப்பு, இப்போது இருபது வருடமாக ஹாலேயில். லூட்சன் எனக்குக் காரில் ஒரு முக்கால் மணித்தியாலம். வாத்தியார் ஐயா விட்டது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லவே கணக்குத் திறந்தேன்.

அந்த வயலில் டிடெக்டர் வேலை 2006இல் தொடங்கிப் பல வருடம் நடந்தது. 2011இல் தெருவோரத்தில் ஒரு பெரிய புதைகுழி கிடைத்தது. 47 பேர். அங்கேயே கிண்டி எடுக்காமல், மண்ணோடு கட்டியாக வெட்டித் தூக்கி ஹாலே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வுகூடத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பரவாக்கினார்கள். 2015இல் கண்காட்சி வைத்தபோது அந்தக் கட்டியைப் படுக்கையாக வைக்கவில்லை, சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்தார்கள். நீங்கள் நின்று பார்த்தால் அவர்கள் உங்களுக்கு நேரே இருப்பார்கள். ஒருவர் மேல் ஒருவர், ஒரு நூல் உடுப்பு இல்லை. பலருக்கு மண்டையில் குண்டுக் காயம். சிலருக்குக் குண்டு உள்ளேயே இருக்கிறது. முன்னைய சண்டைகளில் பட்டு ஆறின வெட்டுக் காயங்களும் எலும்பில் தெரிகின்றன.

சண்டை முடிந்த பிறகு இரண்டு படையும் போய்விட்டது. பிரேதங்களைப் புதைக்க வேண்டி வந்தது எரிந்த ஊரின் சனத்துக்கு. யார் கத்தோலிக்கன், யார் லூதரன் என்று பார்க்க உடுப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை. எந்தெந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று இப்போது பல்லையும் எலும்பையும் சோதித்துத்தான் தேடுகிறார்கள். பெரும்பாலும் சுவீடன் பக்கத்து நீலப் படைப்பிரிவாக இருக்கும் என்று கருதுகிறார்கள். ஆனால் சுவீடன் படை என்றால் எல்லோரும் சுவீடன்காரர் இல்லை, பெரும்பகுதி ஜேர்மன்காரர்தான்.

நான் அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தோடு போய் வந்து எல்லாம் விபரமாகச் சொன்னாள். நான் வெளியில் வாங்கில் இருந்து கோப்பி குடித்தேன்.

கண்டாவளைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு மடுக் கதையை வாசித்துக் காட்டினேன். "மாந்தையில இருந்து வந்தது தெரியும், ஆர் துரத்தினது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். கிறிஸ்தினா கதைக்குச் சிரித்தார். அப்பா இடையில் வந்து "எங்கட கோயிலையும்தான் போர்த்துக்கேயன் இடிச்சவன்" என்று தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போனார்.

குளக்கட்டுக் காற்றும் வாத்தியார் ஐயாவும் எது காரணம் என்று பிடுங்குப்படுங்கள், எனக்கு வேறொன்று சொல்ல இருக்கிறது. பெறாமகனிடம் முழு வீடியோவையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எடுத்த ஒவ்வொரு குண்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எண் எழுதி, எடுத்த இடத்தை வரைபடத்தில் குறிக்கிறார்கள். அளவையும் பார்க்கிறார்கள். சின்னக் குண்டு என்றால் கைத்துப்பாக்கி, அது குதிரைக்காரன். பெரிது என்றால் காலாள். சப்பளிந்து போயிருந்தால் எதிலோ பட்டது. உருண்டையாக அப்படியே இருந்தால் பயத்தில் கை நடுங்கிக் கீழே விழுத்தியது, அல்லது சுட முன்னரே விழுந்தவனுடையது. இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால், பனிக்குள் யாருக்கும் தெரியாமல் போன வரிசை இப்போது தெரிகிறது.

இது எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு லேனில் கோது குவியலாக வந்தால் இதில் ஒருவன் நீண்ட நேரம் இருந்து சுட்டிருக்கிறான் என்று தெரியும். சுடாத ரவை சிதறிக் கிடந்தால் ஓடினான் என்று தெரியும். போன வருடம் ஒரு இடத்தில் கோதுகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளையின் பால்மாத் தகரம் வந்தது. சத்தம் ஒன்றுதான், டிடெக்டருக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் படிவத்தில் "உலோகத் துண்டு" என்று எழுதி அடுத்த கோட்டுக்குப் போய்விடுவோம். அந்த ஜேர்மன்காரரின் பைகளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமை. மண்வெட்டியால் கொத்துவதற்கு மட்டும் இன்னும் கோபம்.

ஹாலே அண்ணா, ஒன்று கேட்கலாமா? அந்த வயலில் இப்போது என்ன செய்கிறார்கள்? வேலி போட்டு வைத்திருக்கிறார்களா?

ஹாலே பக்கத்து ஆள்:

ராசா விழுந்த இடத்தில் ஒரு கல்லும், அதன் மேல் இரும்பில் ஒரு மண்டபமும், பக்கத்தில் ஒரு சின்னத் தேவாலயமும் இருக்கின்றன தங்கச்சி. மற்றப்படி சுற்றவரத் தோட்டம்தான், வேலி இல்லை. நான் கடைசியாகப் போனபோது கோதுமை அறுத்து முடிந்திருந்தது. தெருவுக்கு அடுத்த பக்கம் பீட்ரூட் மாதிரி ஒரு கிழங்கு, சீனி எடுக்கிறது.

கண்டாவளைக்காரி:

கிழங்கென்றால் மெஷின் போட்டுக் கிண்ட வேண்டுமே. எவ்வளவு ஆழம் போகும் அண்ணா?